அம்மியில் இறங்கிய அருந்ததி

வாகைத்துறை ஊர்ப்பொதுக் கல்யாண மண்டபத்தின் கொல்லையில், முகூர்த்தம் முடிந்ததும் கழுவிச் சுவரோரமாகப் போட்டுவைக்கிற பழைய அம்மியின் மேல், ஒரு வைகாசி மாதத்துப் பிற்பகலில், கடைசிப் பந்தியும் எழுந்து அண்டாக்களைத் தேய்க்கப் போட்டிருந்த நேரத்தில், அருந்ததி நட்சத்திரம் வந்து இறங்கியது. சத்தம் எதுவும் இல்லை. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெயிலிலும் வெள்ளையாகத் தெரிகிற ஒரு பொட்டு வெளிச்சம், அவ்வளவுதான். அண்டா தேய்த்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, சாம்பல் கையோடு தொடக் கூடாதென்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தார்கள்.

அந்த அம்மியை ஊரில் கல்யாணமான எல்லாப் பெண்களும் ஒரு தடவை மிதித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை குனிந்து பெண்ணின் காலைத் தூக்கி அதன் மேல் வைத்து மெட்டி மாட்டுவான். பிறகு இரண்டு பேரையும் கொல்லை வாசலுக்குக் கூட்டிவந்து, பட்டப்பகலில், தென்னைமரத்துக்கு மேலே வடக்குப் பக்கமாகச் சாஸ்திரி கையை நீட்டி, அருந்ததி தெரிகிறதா என்று கேட்பார். வெயிலில் கண் கூச, நகையின் கனத்தில் கழுத்து வலிக்க, பசியில் காது அடைக்க, பெண் தெரிகிறது என்பாள். அதைப் பொய் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. கல்யாண வாழ்க்கையில் அவள் சொல்லப்போகிற மற்றவற்றுக்கு அது நல்ல ஆரம்பம் என்று சிரித்துக்கொள்வார்கள்.

இறங்கியது யாரென்று முதலில் அறிந்தவள் பேராச்சி. மண்டபத்து மேனேஜர் பிரமநாயகத்தின் ஒரே மகள். மண்டபத்தை ஒட்டியே அவர்கள் வீடு. கொல்லை இரண்டுக்கும் பொது. அவளும் அன்றைக்குத்தான், நட்சத்திரத்துக்குச் சற்று முன்னால், தென்காசிப் பக்கத்துப் புருஷன் வீட்டிலிருந்து ஒரு துணிப்பையோடு பஸ் ஏறி வந்து சேர்ந்திருந்தாள். இடது காது அவளுக்குக் கேட்காது. பிறவியில் அப்படி இல்லை. குழம்பில் உப்புக் கூடிப்போன ஒரு நாளில் புருஷன் தனசேகர் கொடுத்த அறையில் போனது. உப்பு சரியாக இருந்த நாட்களிலும் வேறு காரணங்கள் இருந்தன. அந்த வீட்டில் அவள் பெயரும் பேராச்சி இல்லை. கிராமத்துச் சாமிப் பெயரைப் பத்திரிகையில் போட்டால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று மாமியார் கல்யாணத்துக்கு முன்பே பவித்ரா என்று மாற்றியிருந்தாள்.

"மாப்ள வரலையாட்டி?" என்று அம்மா உலகம்மாள் கேட்டாள்.

"நான் மட்டுந்தான்மா வந்திருக்கேன். இனிமே அங்க போகமாட்டேன்."

"முதல்ல கையக் கழுவிட்டு வந்து சாப்பிடு. வந்ததும் வராததுமா இதென்ன பேச்சு."

அப்பா பத்தமடைப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "ரெண்டு நாள் இருக்கட்டும். பொறவு நானே கொண்டு விட்டுட்டு வாரேன்" என்றார். கை கழுவக் கொல்லைக்குப் போனவள் அம்மியின் மேல் அந்தப் பொட்டு வெளிச்சத்தைப் பார்த்தாள். பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்பு தெரிகிறது என்று சொன்னது இவளைத்தான். செம்பைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து, யாரிடமும் அழாத அழுகையை அவள் அங்கே அழுதாள். நட்சத்திரம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது. பஸ்ஸில் ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு இடம் விடுகிற மாதிரிதான் இருந்தது.

அன்று சாயங்காலம் ஊரே மொட்டைமாடிகளில் ஏறி வடக்கே பார்த்தது. ஏழு ரிஷிகளும் வழக்கம்போல இருந்தார்கள். வசிட்டருக்குப் பக்கத்தில் மட்டும் ஆள் இல்லை. ஊர்க்காரர்களுக்கு முதலில் வந்தது ஆச்சரியம் இல்லை, அவர் மேல் இரக்கம்தான். வயதான காலத்தில் மனுஷன் தனியாக நிற்கிறாரே, வேளைக்கு யார் பார்ப்பார்கள், சண்டை போட்டிருப்பார்களோ, போட்டிருந்தாலும் பெண்பிள்ளை இப்படி இறங்கி வரலாமா என்று பேசிக்கொண்டார்கள். ஆம்பளை ஒத்தையில நிக்கதப் பாக்கவே சங்கடமா இருக்கு என்று, பொண்டாட்டியைக் கூப்பிடக் கையால் சொடுக்குப் போடுகிற பெரியவர் ஒருத்தர் கண் கலங்கினார். அவரை எனக்குத் தெரியும் என்பதால் அதைக் கொஞ்சம் கடுப்போடுதான் சொல்கிறேன்.

மறுநாள் கூட்டம் வந்தது. கற்பூரம் வந்தது, எலுமிச்சம்பழம் வந்தது, அம்மியைச் சுற்றி மூங்கில் கட்டி மேலே ஓலைப் பந்தல் போட்டார்கள். சிவன் கோயில்காரர்கள் அம்மியைத் தூக்கிக்கொண்டுபோகப் பார்த்தார்கள். மண்டபக் கமிட்டித் தலைவர் சங்கரபாண்டியன் விடவில்லை. வந்த விருந்தாளி எந்த வீட்டுக்கு வந்தாளோ அந்த வீட்டில்தான் இருப்பாள் என்று ஒரே வார்த்தையில் முடித்தார். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. ஆள் காவலுக்கு உட்கார்ந்தால் நட்சத்திரம் மங்கிப்போனது. கோயில் ஓதுவார் உட்கார்ந்தார், மங்கியது. போலீஸ்காரர் உட்கார்ந்தார், கிட்டத்தட்ட அணைந்தது. பேராச்சி உளுந்து களைகிற பாத்திரத்தோடு வந்து உட்கார்ந்தால் மட்டும் பழையபடி வெள்ளையாக நின்றது. அதனால் அவளையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். பிரமநாயகம் தென்காசிக்குப் போன் போட்டு, "இங்க ஊர்க்காரியம் ஒண்ணு பிள்ளை தலையில விழுந்திருக்கு மாப்ள, முடிஞ்சதும் அனுப்பி வைக்கேன்" என்றார். போனில் மறுமுனை என்ன சொன்னதோ, அவர் மூன்று தடவை சரி என்றார்.

ஆக, அருந்ததி அம்மியில் இருக்கிற வரைக்கும் பேராச்சி அப்பா வீட்டில் இருக்கலாம். அவளுக்கு இது தெரியும். காலையில் கண் விழித்ததும் பாயிலிருந்து எழாமலே கழுத்தை நீட்டிக் கொல்லையைப் பார்ப்பாள். வெளிச்சம் இருந்தால் இன்னொரு நாள் கிடைத்தது என்று அர்த்தம்.

கல்யாணங்கள் குவிந்தன. மதுரையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வந்து மண்டபம் கேட்டார்கள். மற்ற ஊரில் விரலைக் காட்டி ஏமாற்றுவார்கள், இங்கே பெண்ணுக்கு அருந்ததியைக் கையெட்டுகிற தூரத்தில் காட்டலாம் என்பது பெரிய கௌரவமாகப் போயிற்று. போட்டோக்காரர்கள் பெண்ணை அம்மிக்குப் பக்கத்தில் குனியவைத்து, கன்னத்தில் நட்சத்திர வெளிச்சம் விழுகிற மாதிரிப் படம் எடுத்தார்கள். சங்கரபாண்டியன் தன் மகள் சண்முகவடிவின் கல்யாணத்தை ஆவணியிலிருந்து ஆனிக்கு இழுத்துவைத்தார்.

சண்முகவடிவு பி.காம். படித்த, அதிகம் பேசாத பெண். அம்மி மிதித்து மெட்டி போட்ட பிறகு அவளைப் பந்தலுக்குக் கூட்டிவந்து சாஸ்திரி கேட்டார்: "அருந்ததி தெரியறதா கொழந்தே?"

அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். மேளக்காரர்கள் ஊதி ஊதிக் களைத்து நிறுத்திவிட்டார்கள்.

"தெரியுது சாமி. ஆனா இவ ஏன் இங்க இருக்கா?"

பெண்ணின் அத்தைமார்கள் சிரித்து மழுப்பிக் கூட்டிப்போய்விட்டார்கள். ஆடி பிறப்பதற்குள் சண்முகவடிவு ஒரு சூட்கேஸோடு அப்பா வீட்டு வாசலில் வந்து நின்றாள். அடித்தானா என்று கேட்டார்கள், இல்லை என்றாள். குடியா என்றார்கள், இல்லை என்றாள். வேறு என்னதான் என்றதற்கு, "ஒரு நாளும் என்னைப் பாத்துப் பேசலப்பா. டி.வி.யப் பாத்துதான் பேசுதாரு" என்றாள். அதெல்லாம் ஒரு காரணமா என்று சங்கரபாண்டியன் கத்தினார். அவளுக்குப் பின்னால் வாகைத்துறையில் கல்யாணமான மதுரைப் பெண் வந்துவிட்டாள் என்று கேள்வி வந்தது. நாகர்கோவில் பெண் வந்துவிட்டாள். அம்பாசமுத்திரத்துக்குக் கொடுத்தவள், தாலியைப் பூஜையறையில் கழற்றிவைத்துவிட்டு, ஆட்டோக்காரனுக்கு அம்மாவைக் காசு கொடுக்கச்சொல்லி வந்து இறங்கினாளாம். சகித்துக்கொள்ளக்கூடிய புருஷன் வாய்த்தவர்கள் இருந்துகொண்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் பக்கத்தில் குனிந்து அவளைப் பார்த்தவர்களுக்கு, போனால் வரலாம் என்கிற எண்ணம் ஒன்று எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு மண்டபம் பார்த்தார்கள். வாகைத்துறையில் பெண் எடுக்க யாரும் வரவில்லை. நேற்று வரை தாயே என்று கும்பிட்ட வாய்கள் சனியன் என்று சொல்ல ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அந்த நாட்களில்தான் ஒரு மத்தியானம், மழை பிடித்துக்கொண்டு பந்தல் ஓலையில் கொட்டிக்கொண்டிருக்க, கும்பிட ஒருவரும் வராத கொல்லையில், பேராச்சி ஊறவைத்த உளுந்தைத் தோல் போகக் களைந்துகொண்டே தன்பாட்டில் பேசினாள். பேச்சு எங்கெங்கோ சுற்றிப் பெயரில் வந்து நின்றது.

"எம் பேரு பேராச்சி. அங்க பவித்ரானு கூப்பிடுவாவ. கூப்பிட்டா வேற யாரையோன்னு நெனச்சுச் சும்மா இருந்துருவேன். அதுக்கும் அடி விழும். உனக்கு அருந்ததின்னு யாரு வச்சா?"

அவளுக்குப் பதில் கேட்டது. கேட்காத இடது காதில்தான் கேட்டது. குரல் என்று சொல்ல முடியாது; ஊறுகிற உளுந்தில் காதை வைத்தால் மெல்ல ஒரு சத்தம் வருமே, அதில் பேச்சு இருந்தால் எப்படியிருக்குமோ அப்படி இருந்தது. அருந்ததி என்பது புகுந்த வீட்டில் வைத்தது என்றாள் அவள். குறுக்கே நிற்காதவள், மறுத்துப் பேசாதவள் என்று அர்த்தம் சொல்லி வைத்தார்களாம். பிறந்த வீட்டில் வேறு பெயர். அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிடுகிற பெயர், ஆற்றங்கரையில் கூட்டாளிப் பிள்ளைகள் கூப்பிட்ட பெயர். கடைசியாக அதைச் சொன்னதும் அம்மாதான். வாசலில் நின்று அந்தப் பெயரைச் சொல்லி, போ, உன் வீட்டுக்குப் போ என்றாள். அதற்குப் பிறகு எத்தனையோ யுகம் யாரும் அதைச் சொல்லவில்லை. இப்போதும் அந்தப் பெயரைச் சொல்லி யார் எதைச் சொன்னாலும் மறுக்கத் தனக்கு வராது என்றாள். சொல்லிவிட்டு அந்தப் பெயரையும் சொன்னாள்.

பேராச்சி உளுந்துக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அதைச் சத்தம் வராமல் உதட்டால் மட்டும் சொல்லிப் பார்த்தாள். தெருவுக்கு ஒரு பிள்ளைக்கு இருக்கிற பெயர். பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்பிலேயே ஒருத்தி அந்தப் பெயரில் இருந்தாள். இவ்வளவு பெரிய நட்சத்திரத்துக்கு இத்தனை சின்னப் பெயர் என்று நினைத்தபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள்.

கமிட்டி மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் கூடியது. எப்படியாவது அருந்ததியைச் சமாதானம் செய்து மேலே அனுப்பிவிட வேண்டும் என்பதில் இரண்டு அபிப்பிராயம் இல்லை. புருஷனிடம் கோபித்துக்கொண்டு வந்த பெண்ணை நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவைப்பது ஊரில் காலகாலமாக நடக்கிறதுதானே, இவளுக்கு மட்டும் என்ன கொம்பா என்றார்கள். சாஸ்திரி முதலில் பந்தலுக்குப் போய், அருந்ததி என்று மூன்று தடவை முறையாக அழைத்து, பதி காத்திருக்கிறார் என்று எடுத்துச் சொன்னார். அவள் அசையவில்லை. பள்ளிக்கூடத் தமிழையா எழுந்து, அருந்ததி என்பது வடமொழிப் பெயர், அதற்கு முன்பே நம்மவர்கள் வடமீன் என்று வைத்திருக்கிறார்கள், கற்புக்கு அடையாளமான மீன் என்று விளக்கி, பந்தலுக்குப் போய் வடமீனே என்று அழைத்தார். அதற்கும் ஒன்றும் இல்லை.

அண்டா தேய்க்க வருகிற தெற்குத் தெரு மாடத்தி கொல்லை வாசலில் நின்றபடியே சொன்னாள். கூடத்துக்குள் அவளை யாரும் கூப்பிடவில்லை.

"வடக்க நிக்க மீனு, அதனால வடமீனு. அது பேராய்யா? விலாசம். அருந்ததிங்கது வாக்கப்பட்ட வீட்டுப் பேரு. அவ எங்க தெருவுப் பொண்ணு. செருப்பு தச்ச வீட்டுல பொறந்தவ. எங்க ஆத்தாமாரு சொல்லிக் கேட்டிருக்கேன். பெரிய எடத்துல கட்டிக் குடுத்ததும் பழைய பேரு கூடாதுன்னு மாத்திப்புட்டாவ. பொறந்த வீட்டுப் பேரச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் திரும்பிப் பாப்பா. அந்தப் பேரு எங்களுக்கும் தெரியாது. தெரிஞ்சாலும் ஒங்களுக்குச் சொல்லமாட்டோம்."

கூடத்தில் இருந்தவர்கள் அவள் பக்கம் திரும்பாமலே பேச்சைத் தொடர்ந்தார்கள். ஆனால் அந்த நேரத்தில் காபி கொடுத்துக்கொண்டிருந்த பேராச்சியின் கையில் தட்டு சாய்ந்து, டம்ளர்கள் உருண்டு, சங்கரபாண்டியனின் வேட்டியெல்லாம் காபியாகிவிட்டது. அவர் வேட்டியைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். ஊரில் நாலு பஞ்சாயத்துப் பேசிப் பழகிய மனுஷன். எந்த முகத்தில் பதில் இருக்கிறதென்று அவருக்குத் தெரியும்.

அதன் பிறகு பேராச்சியை எல்லாரும் அன்பாக நடத்தினார்கள். தலைவர் வீட்டிலிருந்து அல்வா வந்தது. பேச்சுவாக்கில் கேட்டார்கள், கெஞ்சிக் கேட்டார்கள், ஊர்ப் பெண்களின் வாழ்க்கை உன் நாக்கில் இருக்கிறது என்றார்கள். எனக்கு ஒண்ணும் தெரியாது என்று ஒரே பாட்டாகச் சொன்னாள். சண்முகவடிவு மட்டும் ஒரு நாள் கொல்லைப்பக்கமாக வந்து, "சொல்லிராத மயினி" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னது இடது காதில் என்பதால் பேராச்சிக்கு அது கேட்கவில்லை. சட்டென்று திரும்பி, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

ஒரு காலையில் சம்மட்டியோடு இரண்டு ஆட்கள் வந்தார்கள். அம்மியை உடைத்து ஆற்றில் போட்டுவிடுவது, உட்கார இடம் இல்லாவிட்டால் தானே போகிறாள் என்று கமிட்டி முடிவு செய்திருந்தது. உலகம்மாள் வந்து மகளின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். சங்கரபாண்டியன் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தணிந்த குரலில் பேசினார்.

"இங்க பாரு தாயி. ஒன்ன யாரும் கஷ்டப்படுத்தப் போறதில்ல. ஒனக்கு அந்த வீடு புடிக்கல. எங்களுக்கும் தெரியும். பேர மட்டும் சொல்லிரு. அவ கௌரவமா போயிருவா. நீ இங்கயே இரி. ஒன்ன அனுப்பச் சொல்லி ஒரு பய இந்த வாசல்ல வந்து நிக்கமாட்டான். இது ஊர் குடுக்க வாக்கு."

அவள் அப்பாவைப் பார்த்தாள். பிரமநாயகம் வந்து அவள் தலையில் கை வைத்தார். "எம்மேல நம்பிக்கை இருக்கா? நான் ஒன்ன அனுப்பமாட்டேன்" என்றார். சொல்லும்போது அவர் மனசாரச் சொன்னார். அதில் சந்தேகப்பட எதுவுமில்லை; மனசாரச் சொல்வதும் கடைசிவரை நிற்பதும் அவருக்கு வேறு வேறு காரியங்கள், அவ்வளவுதான்.

பேராச்சி அம்மியைப் பார்த்தாள். நட்சத்திரம் அவள் பக்கமாக இருந்தது. அம்மி உடைவதைப் பார்க்க முடியாமல் சொன்னாள் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். அப்படியில்லை. தான் இந்த வீட்டில் இருக்கலாம் என்பதற்காகத்தான் சொன்னாள். அதற்கு வேறு பெயர் வைத்துத் தன்னைத் தேற்றிக்கொள்ள அவள் ஒருநாளும் முயன்றதில்லை. அப்பாவைக் குனியச் சொல்லி அவர் காதில் அந்தப் பெயரைச் சொன்னாள்.

வெறுங்கையோடு அனுப்பினால் வசிட்டர் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று சீர் வைக்கத் தீர்மானித்தார்கள். மாம்பழக் கலரில் பட்டுப்புடவை, கண்ணாடி வளையல், மஞ்சள் குங்குமம், ஒரு தாம்பாளம் நிறைய முறுக்கு, இன்னொன்றில் அதிரசம், வாழைத்தார் எல்லாம் அம்மியைச் சுற்றி வைத்தார்கள். புடவை அவளைவிட எத்தனை பங்கு பெரிது என்பதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. சாஸ்திரி நல்ல நேரம் பார்த்தார். மேளம் வந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். வெயில் தாழ்கிற நேரத்தில் சங்கரபாண்டியன் சட்டையைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டி, அம்மிக்கு முன்னால் கைகூப்பி நின்று, அந்தப் பெயரைச் சொன்னார்.

அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு தடவை அதை வைத்து அவளை அனுப்பியது போதும்.

"...தாயி," என்றார் அவர், மகளை அழைக்கிறதுபோல அத்தனை பாசமாக, "உன் வீட்டுக்குப் போ."

அவள் உடனே போகவில்லை. அம்மியின் ஓரம் வரை வந்தாள். செருப்பைத் தேடுகிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்தாள். பேராச்சியின் முகத்துக்கு நேராக ஒரு நிமிஷம் நின்றாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை, அவள் பார்த்தது ஏதோ தெரிந்த விஷயத்தைப் பார்க்கிற பார்வைதான். பிறகு தென்னைமரத்தின் உயரத்துக்கு எழும்பி, அதற்கு மேலே போய், கண்ணுக்குத் தெரியாமல் போனாள். இருட்டத் தொடங்கியதும் மாடியில் நின்றவர்கள் வடக்கே வசிட்டருக்குப் பக்கத்தில் அவளைப் பார்த்துக் கைதட்டினார்கள். முன்பு இருந்த இடத்தில்தான் இருந்தாள், கொஞ்சம் மங்கலாக. அப்பாடா, மனுஷனுக்கு இனிமேல் கவலையில்லை என்று பேசிக்கொண்டு எல்லாரும் கீழே இறங்கி, சீராக வைத்த முறுக்கையும் அதிரசத்தையும் பங்கு பிரித்துத் தின்றார்கள்.

மற்றது வேகமாக நடந்தது. திரும்பி வந்திருந்த பெண்களுக்கு வானத்தைக் காட்டிச் சொல்ல இப்போது ஊர்களில் எல்லாருக்கும் ஒரு பேச்சு கிடைத்துவிட்டது. மதுரையில் அதைச் சொல்லித்தான் அனுப்பினார்கள், நாகர்கோவிலிலும் அதைத்தான் சொன்னார்கள். சண்முகவடிவைச் சங்கரபாண்டியன் தானே காரில் கொண்டுபோய் விட்டார். போகிற வழியெல்லாம் அவள் பேசவில்லை, அவரும் ரேடியோவைப் பார்த்துக்கொண்டுதான் வண்டி ஓட்டினார் என்று கேள்வி.

ஊர் வாக்குக் கொடுத்திருந்ததால் பேராச்சி தைரியமாக இருந்தாள். பந்தலைப் பிரித்த இடத்தைப் பெருக்கினாள். அம்மியைக் கழுவிச் சுவரோரம் புரட்டிப் போட்டாள். தையல் மிஷின் ஒன்று வாங்கிப் போட முடியுமா என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா குனிந்து அடுப்பை ஊதத் தொடங்கியபோதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

வேன் ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தது. தனசேகரும் அவன் அம்மாவும் அவர்கள் பக்கத்துப் பெரியவர்கள் சிலரும் இறங்கினார்கள். அவன் புதுச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசி, வந்ததும் மாமனார் காலில் விழுந்தான். யாரும் சத்தம் போடவில்லை. சங்கரபாண்டியன் வந்து வாசலில் நிற்கவில்லை என்பது உண்மை. அவர் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காபி கொடுத்தார்கள். நல்ல மழை, இந்த வருஷம் பரவாயில்லை என்று பேசினார்கள்.

பேராச்சி கொல்லையில் இருந்தாள். பிரமநாயகம் அங்கே வந்து, துணி துவைக்கிற கல்லில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"வாக்குக் குடுத்தியளேப்பா."

"குடுத்தேன்." அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். "குடுத்தப்ப வேற மாதிரி இருந்துச்சு. இப்ப மாடியில நின்னு பாத்தா அவ அங்க நிக்கா. எல்லாரும் அதத்தான் காட்டுதாவ. அம்புட்டுப் பெரிய அருந்ததியே போயிட்டா. நீ மட்டும் இங்க எப்படிம்மா இருக்க முடியும்?"

"அவளா போகலப்பா. நான் சொல்லிக் குடுத்தேன். நீங்க அனுப்புனிய."

"அது யாருக்குத் தெரியும்" என்றார் அவர்.

அவர் அழுதார். அழுதுகொண்டே உள்ளே போய் அவள் துணிப்பையை எடுத்துவந்தார். அதில் உலகம்மாள் ஏற்கெனவே துணிமணிகளை மடித்து வைத்து, மேலே ஒரு பொட்டலம் அதிரசமும் வைத்திருந்தாள். வேன் வாசலில் நின்றது. ஏறும்போது கம்பியைப் பிடித்தபடி அவள் தயங்கி நின்றாள். பிடித்து ஏற்றிவிட யாரும் முன்வரவில்லை, தடுக்கவும் வரவில்லை. எல்லாருக்கும் முன்னால், மாப்பிள்ளை வீட்டார் கேட்கும்படி, பிரமநாயகம் சொன்னார்: "ஏறு பவித்ரா, நேரமாவுது."

அவள் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, இடுப்பிலிருந்து வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளினாள். ஊர் எல்லை தாண்டி வயல்கள் வந்தன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வடக்குப் பக்கத்து வானத்தில் ஒன்றும் தெரியவில்லை. தெரியாவிட்டாலும் அருந்ததி அங்கேதான் நிற்கிறாள் என்பதும், பெயரைச் சொல்லி வா என்றால் எந்தப் பட்டப்பகலிலும் மறுக்காமல் இறங்கி வருவாள் என்பதும், இந்த வேனில் மற்ற யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது என்பதும் பேராச்சிக்குத் தெரியும். தனியாகப் போகிற பயத்தில் ஒரு நிமிஷம் அவள் வாயைத் திறந்துவிட்டாள். பெயர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்புறம் யோசித்தாள். வரச்சொல்லி, வந்தால், எங்கே உட்காரச் சொல்வது. உட்காரச் சொல்லத் தனக்கென்று எங்கேயும் ஓர் இடம் இல்லை.

"ஜன்னலைச் சாத்து, தூசி வருது" என்றாள் மாமியார்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். ஜன்னலையும் சாத்தினாள்.